கடைசிப் பாட்டின் மீதி

1

தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன சிவப்பு அட்டையில் என் கணவர் பெயர் இருந்தது. அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "உங்களுக்கு ஒரு பார்சல் வந்துள்ளது, நீங்கள் வீட்டில் இல்லை" என்று அச்சடித்திருந்தார்கள். வாஸ்தவம்தான், அவர் வீட்டில் இல்லை.

என்ன பார்சல் என்று அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த மனுசனுக்கு வேறென்ன வரும்? எழுபதுகளில் வந்த ஒரு ராக் ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. வரப்போகிறது என்று சேதி கிடைத்த அன்றே தனக்கொன்று என்று சொல்லி வைத்துவிட்டார். ஆல்பத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது ஒருவர் 'ஆகா' என்று எழுந்து உட்கார்ந்து, எனக்கு ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் பேசுவீர்கள். பட்டதே போதும்.

இந்தக் கூத்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆல்பம் வந்து இருபது வருடம் ஆனால் ஒரு பதிப்பு, இருபத்தைந்து ஆனால் ஒன்று, முப்பது ஆனால் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பழைய ஒலிப்பதிவில் இருக்கும் இரைச்சலைத் துடைத்து எடுப்பார்கள். கூடவே ஒரு படப் புத்தகம், ஒத்திகையில் தப்பாக வாசித்ததற்கென்று தனியாக ஒரு தட்டு. பாட்டு என்னவோ அதே பாட்டுதான். "ஒரே வேட்டிய எத்தன தடவ வெளுத்து விப்பாங்க?" என்று கேட்பேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்பார்.

போஸ்ட் ஆபீஸ் ஜன்னலில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பெயருக்குரியவர்தான் வர வேண்டும் என்றாள். இங்கிலாந்தில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பத்து வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் வீட்டுச் சாவை இங்கிலீஷில் பக்குவமாகச் சொல்லத் தெரியும். என் வீட்டுச் சாவுக்கு மட்டும் நினைப்பு தமிழில்தான் ஓடியது. செத்துவிட்டார் என்று பச்சையாகச் சொல்ல நாக்கு எழவில்லை. நம் ஊரில் சொல்வதுபோல, "அவர் போய்விட்டார்" என்றேன். "எப்போது திரும்பி வருவார்?" என்று கேட்டாள்.

மறுநாள் இறப்புச் சான்றிதழோடு போனேன். அவர் பெயருக்குப் பின்னால் அவர் அப்பா பெயர், என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். இரண்டும் ஒத்துப்போகவில்லையே, நீ அவர் மனைவிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். மலையில் ஒரு வீடு, அடிவாரத்தில் ஒரு வீடு என்று இரண்டு பக்கமும் கெஞ்சிக் கூத்தாடிக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. கடல் தாண்டி வந்தும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அதையேதான் சொல்கிறார்கள். கல்யாணச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போய்த்தான் பார்சலை வாங்கினேன்.

கனமான பெட்டி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் ஓட்டிய அதே ரூட் பஸ்.

2

அவருக்கு வெள்ளையன் என்று பேர். வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும் வெள்ளையன் என்று விசா வந்த அன்றைக்கு ஊரே கேலி செய்தது. கொல்லிமலைக்காரர், வாழவந்தி நாடு என்கிற ஊர். மிளகு, வாழை, மரவள்ளி விவசாயம். என் வீடு கீழே, காரவள்ளிக்கும் பேளுக்குறிச்சிக்கும் நடுவில், தோட்டத்துக்குள் இருந்தது.

அவர் இளவட்டமாக இருந்தபோது, சாமை, தினை விதைகளைச் சேகரிக்க ஒரு வெள்ளைக்காரர் மலைக்கு வந்து, ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்க அவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரரிடம் இருந்தது இந்த ஆல்பத்தின் கேசட் ஒன்றுதான். அவர் மூட்டை கட்டிய சமயத்தில் இவர் அதை ஒரு நாள் இரவல் வாங்கி, நாமக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தார்.

அந்தக் கடைக்காரரிடம் ஒரு வழக்கம். என்ன பாட்டைக் கேட்டுப் போனாலும் முதலில் பிள்ளையார் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பதிவார். புதுக் கேசட்டைப் பிள்ளையார் இல்லாமல் தொடங்கினால் அவருக்குக் கை ஓடாது. வெள்ளைக்காரப் பாட்டு என்றால் மட்டும் பிள்ளையார் என்ன பாவம் செய்தார்? அந்தக் கேசட்டோ அறுபது நிமிடக் கேசட். ஆல்பம் அதில் பிடித்தும் பிடிக்காமலும்தான் அடங்கும். முன்னால் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டதால் பின்னால் கடைசிப் பாட்டுக்கு இடம் பற்றவில்லை. பாடுகிறவன் மூச்சைக் கட்டிக் குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும்போது 'டக்' என்று கேசட் தீர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்ட பிறகுதான் இவருக்கே தெரிந்தது. அதற்குள் வெள்ளைக்காரர் அசல் கேசட்டோடு ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு இவர் ஜீப் ஓட்டினார். சந்தை நாளில் மலையிலிருந்து பலாவும் மிளகும் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, காரவள்ளி வழியாகப் பேளுக்குறிச்சி வருவார். சேலத்தில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த நான் லீவு முடிந்து போகும்போது வழியில் அதில் ஏறிக்கொள்வேன். ஜீப்பில் எப்போதும் அந்தக் கேசட்தான். பிள்ளையார் பாட்டு வந்ததும் பொம்பளைகள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அது முடிந்ததும் கிட்டார் அலறும்.

"ஏனுங்க டிரைவரே, ஆட்ட அறுக்கற மாதிரி இருக்குதுங்க. நிறுத்துங்க அத!"

"கொஞ்சம் பொறுங்காத்தா, சந்த வர்றதுக்குள்ள நல்லாயிரும்" என்பார் இவர்.

நான்தான் ஒருநாள் கேட்டேன், கடைசிப் பாட்டு ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது வரைக்கும் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. பாட்டு பிடித்துக் கேட்டேன் என்று அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். பாட்டாவது ஒன்றாவது!

3

97-ல் எனக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்து மூன்று பேரும் வந்தோம். மகள் தேன்மொழிக்கு அப்போது நாலு வயது. வந்த வாரத்தில் அரிசி தேடிப் போன இடத்தில் ஒரு ரெக்கார்டுக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த அட்டைப்படம் இருந்தது. இருபதாம் ஆண்டுப் பதிப்பு. நடு ரோட்டில் நின்று இந்த ஆள் அழுதார். எனக்கு மானம் போயிற்று.

சிடியை வாங்கி வந்து, பழைய சாமான் கடையில் பிடித்த ஒரு பெட்டியில் போட்டார். போடுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, அந்தப் பிள்ளையார் பாட்டைத் தன் வாயாலேயே முழுதும் பாடினார். அப்புறம்தான் பொத்தானை அமுக்கினார். கடைசிப் பாட்டில், கேசட் தீரும் அதே இடம் வந்தபோது எட்டி நிறுத்தினார். எழுந்துபோய் டீ போட்டார்.

"மீதி?" என்றேன்.

"மீதிய ஊட்டுல போய்க் கேட்டுக்கலாம்."

"இது ஊடு இல்லீங்களா?"

"இது குடியிருக்கற எடம், மல்லி. மூட்ட கட்டிக்கிட்டு ஒரேயடியா மலைக்குத் திரும்பிப் போவோமல்ல, அன்னிக்கு வாசல்ல உக்காந்து முழுசாக் கேக்கோணும்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பத்து வருடம் அந்த மீதியை அவர் கேட்கவே இல்லை. நடுவில் இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தோம். லீவில் போனதெல்லாம் கணக்கில் சேராதாம். முதலில் நிரந்தரமாகத் தங்கும் பேப்பர் வரட்டும் என்றார். அது வந்த பிறகு பாஸ்போர்ட் வரட்டும் என்றார். அதுவும் வந்தது. தேனு பெரிய பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்றார். அவருக்கு இங்கே லைசென்ஸ் கிடைப்பதற்குள்ளேயே தலை நரைத்துவிட்டது. அத்தனை வளைவில் ஜீப் ஓட்டிய கைக்கு ரவுண்டானா சுற்றத் தெரியவில்லை என்று ஒரு தடவை ஃபெயில் போட்டார்கள். பிறகு இதே நகரத்தில் பஸ் டிரைவர் ஆனார். "ரோடு நேராப் போவுது, தூக்கம் தூக்கமா வருது" என்பார்.

சனிக்கிழமைகளில் அந்த ரெக்கார்டுக் கடைக்குப் போய்விடுவார். அங்கே இவரைப் போல ஒரு கூட்டம். எல்லோரும் தாத்தாக்கள். அதில் கென் என்று ஒருவர், கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவர், இவருக்கு உயிர்ச் சிநேகிதம். ரெக்கார்டின் நடுவில் ஊசியால் கீறிய எண்ணைப் படித்து, இது எந்தத் தொழிற்சாலையில் அடித்தது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். எதை வாங்கினாலும் இரண்டு வாங்குவார்கள். ஒன்று கேட்பதற்கு, மற்றது பிரிக்காமல் வைப்பதற்கு. மேலே சுற்றிய கண்ணாடித் தாளில் நகம்கூடப் படக்கூடாது. முதல் தடவை இவர் அவர்கள் முன்னால் பிள்ளையார் பாட்டைப் பாடிவிட்டுக் கேட்க உட்கார்ந்தபோது, கென் பதறிப்போய், "இந்தப் பாட்டு எந்தப் பதிப்பில் இருக்கிறது? என்னிடம் இல்லையே!" என்று கேட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசிப் பாட்டின் விஷயம் தெரிந்த பிறகு அந்தக் கூட்டம் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த இடம் வரும்போது கென்னே ஊசியைத் தூக்கிவிடுவாராம். இத்தனைக்கும் அதற்குப் பிறகு வருவதுதான் அவர்களுக்கு உயிரான இடம்.

4

தேனு சின்னதில் அப்பா மடியில் உட்கார்ந்து கேட்பாள். எனக்கு ஷிப்ட் வேலை. நான் வரும்போது இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இடம் வந்ததும் "அப்பா, டீ!" என்பாள். அவர் எழுந்துவிடுவார்.

பத்து, பதினொன்றில் அது நின்றது. காதில் அவளுக்கென்று தனியாக ஒரு வெள்ளை ஒயர் வந்தது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். அப்புறம் தோளைக் குலுக்குவதுதான் பதில். "அப்பாகூட உக்காரேன் கண்ணு" என்று ஒருநாள் கெஞ்சினேன். "அதே பாட்டும்மா" என்றாள். அவர் காதில் விழுந்தது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அந்தப் பாட்டின்மேல் முதல் தடவையாக இரக்கம் வந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே வந்தவர், கை வலிக்கிறது என்று படிக்கட்டில் உட்கார்ந்தார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். என் வார்டுக்கு இரண்டு மாடி கீழே. எனக்குத் தெரிந்த நர்ஸுகள் எல்லாம் இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நானே எத்தனை பேரை அந்தப் பார்வை பார்த்திருக்கிறேன்.

மலையில் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். உடம்பைக் கொண்டுபோக முடியாமல் இங்கேயே எரித்தோம். சாம்பல் ஒரு டப்பாவில் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவருடைய ரெக்கார்டு அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு தேனு அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

5

பார்சல் வந்து கொஞ்ச நாளில் மலையிலிருந்து கொழுந்தனார் சின்னையன் பேசினார். அவருடைய ஒரே தம்பி.

"அண்ணி, அண்ணனுக்கு வருசம் கும்புடோணுங்க. நீங்களும் பாப்பாவும் வந்தாத்தான் முடியும்."

"வாரேன் தம்பி. என்ன கொண்டாரோணும்?"

"அவருக்குப் புடிச்சது எதாச்சும் கொண்டாங்க. நாங்க சாமைச் சோறு, கோழிக் கொளம்பு எல்லாம் செஞ்சர்றோம். ஒண்ணுதானுங்க. படையல்ல எதையும் மூடி வெக்கக் கூடாது. பீடிக் கட்டா இருந்தாலும் பிரிச்சு வெச்சாத்தான் அவருக்குப் போய்ச் சேரும்."

அவருக்குப் பிடித்தது என்றால் அந்தப் பெட்டிதான். இந்தத் தடவை ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தது. அதன் கண்ணாடித் தாளில் நான் கை வைக்கவில்லை. வைக்க மனசும் வரவில்லை. அது பிரிக்காமல் இருக்கும்வரை அவர் பஸ் டியூட்டி முடிந்து வந்து பிரிப்பார் என்று ஏதோ ஒரு கிறுக்கு நினைப்பு.

கென்னிடம் கேட்டேன். பெட்டியைத் தொடாமல் குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். "பிரிக்காதே மல்லிகா. பிரித்தால் போயிற்று. வெள்ளையன் இருந்தால் இதைப் பிரிக்க மாட்டான்" என்றார். அவரிடம் படையலைப் பற்றிச் சொன்னேன். செத்தவருக்கு வைக்கும்போது திறந்துதான் வைக்க வேண்டும், மூடியிருந்தால் அவர் எடுத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். மனுசன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்படியென்றால் அந்தக் கடைசிப் பாட்டையும் திறந்துவிடு" என்றார்.

தேனுவிடம் சொன்னேன், அப்பா கேட்காமல் விட்ட மீதியை மலையில் வைத்துக் கேட்கப் போகிறோம் என்று. "வேண்டாம்மா" என்றாள். ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும் அன்றைக்குத் தன்னுடைய சின்ன சிடி பெட்டியை, பேட்டரியில் ஓடுவது, அவளாகவே பைக்குள் வைத்தாள்.

6

எனக்கு ஊர்ப் பித்தெல்லாம் கிடையாது. மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு வாந்திதான் வந்தது. சாம்பல் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரேயடியாக மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவேன் என்று சொன்ன ஆள், சொன்னபடிதான் திரும்பிக்கொண்டிருந்தார்.

சின்னையன் டப்பாவை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தார். "இவ்வளவுதானுங்களா அண்ணன்?" என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேனு அவர் பக்கத்தில் போய், "சித்தப்பா, அழாதே. தண்ணி குடி" என்றாள். 'ங்க' போட்டுப் பேச அவளுக்குத் தெரியாது. அழுகைக்கு நடுவிலும் சுற்றி இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. "இங்கிலீஷ்காரப் பொண்ணுக்கு மரியாத தெரியல பாரு" என்று யாரோ சொன்னார்கள். சின்னையன் மட்டும் "நீ அப்படியே கூப்புடு சாமி" என்றார்.

வருசத்தன்று காலையில் சாம்பலை அவர்கள் காட்டு ஓரத்தில் புதைத்தோம். வீட்டுக்கு வந்து வாசலில் படம் வைத்து, இலை போட்டுப் படைத்தோம். சாராய பாட்டிலுக்கு மூடியைத் திறந்து வைத்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்து வைத்தார்கள். நான் பெட்டியை எடுத்துவந்து உட்கார்ந்தேன். கண்ணாடித் தாளின் ஓரத்தில் நகத்தை வைத்துவிட்டு வெகு நேரம் அப்படியே இருந்தேன். பிறகு கிழித்தேன். என்னத்தைச் சொல்ல? அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கரண்ட் இல்லை. சின்னையன் முந்தின நாள் செம்மேட்டுக் கடையில் வாங்கி வந்திருந்த புதுப் பேட்டரிக் கட்டைகளைத் தேனுவின் சிடி பெட்டியில் போட்டுக் கொடுத்தார். தேனு பார்சலில் வந்த சிடியை வைத்தாள். பொத்தானை அமுக்கப் போனவள் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பிள்ளையார் பாட்டை ஆரம்பித்தாள். ஒரு எழுத்து பிசகாமல், அப்பாவின் அதே ராகத்தில், அவர் தப்பாகப் பாடும் இடத்தில் தப்பாகவே பாடினாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் பிள்ளை.

முழு ஆல்பத்தையும் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்தர்கூட ஆடு கத்துகிறது என்று சொல்லவில்லை. கடைசிப் பாட்டு வந்தது. பாடுகிறவன் குரலை மேலே மேலே ஏற்றினான். அந்த இடம் வந்தது. நானும் தேனுவும் ஒரே நேரத்தில் படத்தைத் திரும்பிப் பார்த்தோம். டீ போட யாரும் எழவில்லை. பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போயிற்று.

அதற்கப்புறம் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. அதே வரி, அதே கிட்டார், திரும்பத் திரும்ப. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்துகொண்டே போயிற்று. பாட்டு முடியவே இல்லை. பாடிக்கொண்டேதான் இருந்தான், நமக்குத்தான் கேட்காமல் போய்விட்டது. இதுக்குத்தானுங்களா மாமா இத்தன வருசம் காத்துக்கிட்டுக் கெடந்தீங்க? ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டீயை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்து கேட்டிருக்கக் கூடாதா? என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

தேனு என் தோளைப் பிடித்தாள். "அம்மா, எனக்குத் தெரியும்" என்றாள். "டென் வயசுல மீதியத் தனியாக் கேட்டேன். அந்தப் பாட்டுக்கு எண்டிங்கே இல்ல. அப்பாகிட்டச் சொல்லல. சொன்னா அப்பா ஊருக்கு வர்ற ஆச போயிடும். பக்கத்துல உக்காந்தா வாய்ல வந்துடும். அதான் உக்காரல."

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். சிடி பெட்டியிலிருந்து இப்போது ஒரு சத்தமும் இல்லை. சின்னையன் எழுந்து வந்து அதைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"சத்தம் எறங்கி எறங்கிப் போச்சே அண்ணி. கட்ட தீந்து போச்சுங்க. நேத்து வாங்குனது, ஏமாத்திட்டானுங்க பாருங்க. அண்ணனுக்கு மறுக்காவும் பாதியில நின்னு போச்சே!" வண்டிச் சாவியைத் தேடினார். "இருங்க, செம்மேட்டுக்குப் போயி வேற கட்ட வாங்கியாறேன். மீதியயும் கேட்டுப்போட்டே எலய எடுக்கலாம்."

தேனு என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரிங்க தம்பி. வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வண்டி கிளம்பிப் போயிற்று. தேனு எழுந்து உள்ளே போய் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். நான் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மீதிக்காகக் காத்திருந்தேன்.